குறை சொல்லும் நேரம்

காரின் கதவைச் சாத்தும்போதே மகள் சொல்லிவிட்டாள்.

"இப்பவே சொல்றேன். அந்தக் கட்டடத்துக்குள்ள போனதும் நீ எனக்கு அம்மா இல்லை. மேடம்."

"போறதுக்கு முன்னாடியே மேடம்னு கூப்பிட்டுப் பழகு. அங்கே போய் வாய் தவறிடப் போகுது."

"அப்ப நீயும் என்னைப் பார்த்து முறைக்காமப் பழகு."

"நான் எப்படி முறைச்சேன்?"

"இதோ, இப்படித்தான்."

பேராசிரியை முன்கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். மறுப்பதற்கில்லை. முறைப்பேதான். முகத்தை இளக்கிப் பார்த்தாள். பல்வலி வந்தவள் மாதிரி இருந்தது. விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

நேற்று மாலை வரை இந்தக் காரில் மகள் ஏறுவதாகவே இல்லை.

பேராசிரியை தலைவியாக இருக்கும் பல்கலைக்கழக ஆசிரியர் பயிற்சிப் பிரிவு என்பது, கணக்கும் அறிவியலும் படித்தவர்களை இரண்டு வருடம் உருட்டிப் புரட்டி, அதைச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்களாக மாற்றி அனுப்பும் இடம். அந்தப் பிரிவு இருக்குமா, இழுத்து மூடப்படுமா என்று சட்டமன்றக் குழு இன்று முடிவு செய்யப் போகிறது. குழுவின் மேசையில் ஏற்கெனவே ஒரு யோசனை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பட்டம் வாங்கிய யாரையும் கூப்பிட்டு, ஆறே வாரம் பயிற்சி கொடுத்து, நேராக வகுப்புக்கு அனுப்பிவிடலாம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கணக்கு வாத்தியார் நாற்காலி காலியாகக் கிடக்கும்போது இரண்டு வருடம் யார் காத்திருப்பது?

கேட்பதற்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது.

யோசனையின் சொந்தக்காரர் குழுவின் மூத்த உறுப்பினர். எதிலும் ஒரே பேச்சு, ஒரே வெட்டு என்பதால் கட்சி பேதமில்லாமல் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கறார்'. அந்த யோசனையை வரிக்கு வரி எழுதிக் கொடுத்தது கறாரின் உதவியாளன். உதவியாளன் யார் என்பதுதான் போன வாரம் வீட்டில் வெடித்த வெடி. பேராசிரியையின் கூடப் பிறந்த தம்பி.

அன்றிலிருந்து அக்கா தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

அது ஒரு பக்கம். "குழுவிடம் பேசினால் தூங்கிவிடுவார்கள். ஒரு பாடத்தையே எடுத்துக் காட்டுங்கள்" என்று துணைவேந்தர் சொல்லியிருந்தார். அதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த மாணவிக்கு நேற்றுத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. அவளுக்கு அடுத்தபடி அதே பாடத்தை எடுத்துப் பழகியவள் பிரிவில் ஒருத்திதான் இருந்தாள்.

பேராசிரியை பெற்ற பெண்.

"வேற யாருமே இல்லையா சார்?" என்று பேராசிரியை துணைவேந்தரிடம் மன்றாடிப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பொண்ணாப் பிறந்தது அவ தப்பாம்மா? அழைச்சுட்டுப் போங்க. யார் கேட்கப் போறாங்க?" போனை வைத்துவிட்டார்.

யார் கேட்கப் போகிறார்கள்! சிக்னலில் சிவப்பு விழுந்தது. பேராசிரியையின் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன.

"மேடம்," என்றாள் மகள், "பச்சை விழுந்து ரொம்ப நேரம் ஆச்சு."

சட்டமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில், கக்கத்தில் கோப்புகளோடு தம்பி நின்றிருந்தான். அக்காவைப் பார்த்ததும் பாதி சிரித்தான். அவள் சிரிக்காததால் மீதியை விழுங்கினான். அப்புறம்தான் பின்னால் வந்தவளைக் கவனித்தான்.

"வாலு! நீ எங்கடி இங்கே? வேடிக்கை பார்க்க வந்தியா?"

"வேடிக்கை காட்ட வந்தேன் மாமா. பாடம் எடுக்கறது நான்தான்."

தம்பிக்கு ஒரு கோப்பு நழுவியது.

"அக்கா, இது சரியில்லை. ஐயாவுக்குத் தெரிஞ்சா உரிச்சுத் தொங்க விட்டுடுவார். அம்மா தலைவி, பொண்ணு மாணவி. குடும்பமாப் பல்கலைக்கழகத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கீங்களான்னு கேட்பார்."

பேராசிரியை மகளிடம் திரும்பினாள். "அவர் எப்படித் தெரிஞ்சுக்குவாராம்னு உங்க மாமாவைக் கேளு."

"மாமா, அவர் எப்படித் தெரிஞ்சுக்குவாராம்?"

"எனக்கும் காது இருக்குடி. நானாப் போய்ச் சொல்ல மாட்டேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு. ஆனா என்னை நேரா கேட்டுட்டா மறைக்க மாட்டேன். அவர்கிட்ட வேலை பார்க்கறேன். மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்ல வராது."

"பயிற்சியே இல்லாதவங்களைப் பசங்க தலையில கட்டறதுக்குப் பக்கம் பக்கமா எழுத மட்டும் வருமான்னு கேளு."

"மாமா, பக்கம் பக்கமா..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு." அவன் குனிந்து கோப்பைப் பொறுக்கினான். காது சிவந்திருந்தது. "காலி நாற்காலியைப் பார்த்துட்டு உக்காந்திருக்கிற பசங்களை நானும்தான் பார்த்தேன். யாராவது ஒருத்தர் போனாப் போதும்னு எழுதினேன். அக்காவுக்கு எதிரா எழுதணும்னு எழுதலை."

அக்கா படியேறிவிட்டாள். தலையை மட்டும் திருப்பி, ஒரு வாரத்தில் முதல் முறையாக நேராக அவனிடமே பேசினாள்.

"யாராவது ஒருத்தர் போனாப் போதும்னா, நாளைக்கு உனக்கு ஆபரேஷன் பண்ணவும் யாராவது ஒருத்தரையே அனுப்பச் சொல்றேன்டா."

குழு அறையில் நீள மேசை. மேசைக்கு இந்தப் பக்கம் உறுப்பினர்கள், எதிரே ஒரு வெள்ளைப் பலகை. சுவரோரம் பார்வையாளர்களுக்கான நாற்காலிகளில் ஆகக் கடைசியானதைத் தேடிப் பேராசிரியை உட்கார்ந்தாள். பழக்க தோஷம். மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரே 'கடைசி பெஞ்ச்'. யார் பாடம் எடுத்தாலும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, கண் இமைக்காமல் பார்ப்பாள்.

மகள் பலகை அருகே போனாள். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதப் பட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நேரத்துக்கு நீங்கதான் என் வகுப்பு. அரையைக் காலால வகுத்தா எவ்வளவு?"

மேசையில் ஒரு சலசலப்பு. ஒருவர் மேல்கூரையைப் பார்த்தார். ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் தாளை எட்டிப் பார்த்தார்.

"பார்த்து எழுதக் கூடாது சார்," என்றாள் மகள். குபீரென்று சிரிப்பு கிளம்பியது. இறுக்கம் தளர்ந்தது.

"அரைக்கால், எட்டுல ஒண்ணு!" என்றார் கறார். அவருடைய எல்லாப் பேச்சையும் போல இதுவும் தீர்ப்பு மாதிரி ஒலித்தது.

"இல்லையே, ரெண்டுதானே வரும்?" குழுத் தலைவி தயங்கியபடி கையைத் தூக்கினார்.

மகளின் முகம் மலர்ந்தது. "ரெண்டு! எப்படிம்மா வந்துச்சு?"

"ரெண்டாவதைத் தலைகீழாப் போட்டுப் பெருக்கணும். சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினது."

"ஏன் தலைகீழாப் போடணும்?"

"அது எங்க வாத்தியாருக்குத்தான் தெரியும்."

"அவருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றார் மேசைக் கோடியில் ஒருவர். மறுபடி சிரிப்பு.

மகள் ஒரு நீளமான காகிதப் பட்டையை எடுத்தாள். "இது ஒரு மீட்டர் நாடான்னு வச்சுக்குங்க." நடுவில் மடித்துக் கிழித்தாள். "இப்ப கையில இருக்கறது அரை மீட்டர். இதுல கால் மீட்டர் துண்டு எத்தனை கிடைக்கும்?" மறுபடி மடித்தாள், கிழித்தாள். இரண்டு துண்டுகளையும் இரண்டு கையில் தூக்கிக் காட்டினாள். "அரைக்குள்ள கால் எத்தனை தடவை அடங்கும்? வகுத்தல் கேட்கறது அவ்வளவுதான்."

"அட!" என்றார் குழுத் தலைவி. "இதுக்குப் போயா இத்தனை வருஷமா எல்லாத்தையும் தலைகீழாப் போட்டுட்டு இருந்தோம்?"

கைதட்டல். நிஜமான கைதட்டல். கறார்கூட இரண்டு விரலால் மேசையைத் தட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற தம்பி, யாரும் பார்க்காத நேரத்தில் மருமகளுக்குக் கட்டை விரலைக் காட்டினான்.

காரியம் முடிந்தது. இன்னும் இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டு எழுந்து வந்திருந்தால், இந்த வாரத்துக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

குழுத் தலைவி பூரிப்போடு பின்னால் எட்டிப் பார்த்தார். "சொல்லுங்க மேடம், உங்க மாணவி பாடம் எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாராக இருந்தாலும் 'பிரமாதம்' என்றிருப்பார்கள். பயிற்சிப் பிரிவில் அந்த வார்த்தை புழக்கத்தில் இல்லை. அங்கே ஒவ்வொரு பாடம் முடிந்ததும் 'குறை நேரம்' என்று ஒன்று உண்டு. கடைசி பெஞ்ச் எழுந்திருக்கும், குறைகளைச் சொல்லும், உட்காரும். பாராட்டு, மழுப்பல், சுற்றி வளைப்பு எதுவும் கிடையாது. வருடக்கணக்காக நாளுக்கு நாலு தடவை செய்த வேலை. கேள்வி காதில் விழுந்ததும் கால் தானாக எழுந்தது. வாயும் தானாகத் திறந்தது.

"மூணு குறை."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். 'வேண்டாம்மா, வேண்டாம்மா, வேண்டாம்மா.'

"ஜன்னலோரம் உக்காந்திருக்கற உறுப்பினர் கடைசி வரை வாயே திறக்கலை. அவங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு ஆசிரியைக்குத் தெரியாது. இது ஒண்ணு. பட்டையை வகுப்பு கையில கொடுத்திருக்கணும். தானே மடிச்சுத் தானே கிழிச்சா அது வித்தைதான், பாடம் இல்லை. இது ரெண்டு." பேராசிரியை மூச்சு வாங்கினாள். "மூணாவதுதான் பெருசு. ஒருத்தர் அரைக்கால்னு சொன்னார். சரியான விடை வேற பக்கத்துல இருந்து வந்ததும் ஆசிரியை அங்கே ஓடிட்டா. அரைக்கால் அவருக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்கவே இல்லை. அந்தப் பிள்ளை இன்னும் அங்கேயே..."

நிறுத்தினாள்.

அந்தப் பிள்ளை கறார்.

தம்பி தன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

கறார் நிதானமாக மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "பேராசிரியை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகட்டும். இவங்க பயிற்சியில உருவான ஆசிரியை, ஒரு சின்னப் பாடத்துல மூணு குறை. நான் சொல்லலை, இவங்க வாயால சொன்னது. எங்க ஆறு வாரத்து ஆளும் மூணு குறையோட பாடம் எடுத்துட்டுப் போகட்டுமே! அதே சரக்கு சீக்கிரம் கிடைக்குதுன்னா எதுக்கு மெனக்கெடணும்?"

இந்தத் தடவை வந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மகள் கையிலிருந்த காகிதத் துண்டுகளை மேசையில் வைத்தாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

கறாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அதுவும் சபையில வச்சு! பாவம், அந்தப் பொண்ணு முகத்தைப் பாருங்க. ஏம்மா, நீங்க பெத்த பொண்ணா இருந்தா இப்படி நாலு பேர் முன்னால மானத்தை வாங்குவீங்களா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

'மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிழைத்துக்கொள்ளலாம்.

"நான் பெத்த பொண்ணுதாங்க," என்றாள் பேராசிரியை.

அப்புறம் யார் என்ன பேசினார்கள் என்பதே கேட்கவில்லை. கறார் எழுந்தே விட்டார். "ஓஹோ! இது பல்கலைக்கழகமா, வீட்டு விசேஷமா? அம்மா தலைவி, பொண்ணு நாயகி! மாப்பிள்ளை எங்கேம்மா, வாசல்ல பன்னீர் தெளிக்கிறாரா?" குழுத் தலைவி மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இடைவேளை அறிவித்தார்.

வராந்தாவில் மகள் நடந்தாள். கோடி வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். அம்மா பின்னாலேயே நடந்தாள்.

"நீ நின்னாத்தானே பேச முடியும்?"

"பேசினது போதாதா? உனக்கு அந்த வாய் சும்மாவே இருக்காதாம்மா? பிரமாதம்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானே கேட்டாங்க?"

"பழக்கத்துல வந்துடுச்சுடி."

"பழக்கத்துல வீட்டையே கொளுத்திட்டியே!"

பேராசிரியைக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எல்லோர் முகமும் வரிசையாக ஞாபகம் வந்தது. தொண்டை கட்டிய பெண்ணின் முகமும். அவர்களிடம் போய் என்ன சொல்வது? உங்கள் இடத்தை நானே என் வாயால் மூடிவிட்டு வந்தேன் என்றா?

"குறை மூணும் தப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

மகள் நின்றாள். "தப்பா இருந்தா எனக்கு ஏன் இவ்வளவு எரியுது? மூணும் சரி. அதான் வயித்தெரிச்சல்."

தம்பி வேகவேகமாக வந்தான். இந்தத் தடவை தூது கீது எதுவும் இல்லை.

"அக்கா, ஐயா ரொம்பச் சூடா இருக்கார். 'குடும்பப் பல்கலைக்கழகம்'னு தலைப்புப் போட்டு நிருபர்களுக்கு ஒரு அறிக்கை தயார் பண்ணச் சொல்லிட்டார். நீங்களே உள்ள போய், பிரிவு வேணும்ங்கற கோரிக்கையை வாபஸ் வாங்கறோம்னு சொல்லிடுங்க. அறிக்கை வராமப் பார்த்துக்கறேன். வாலு பேராவது தப்பிக்கும்."

"பிரிவு?"

"பிரிவு போச்சுக்கா. அது இனிமே நிக்காது."

"மாமா," என்றாள் மகள், "எங்க பிரிவுல குறை சொல்லி முடிச்சதும் என்ன பண்ணுவோம் தெரியுமா?"

"அழுவீங்களா?"

"அது பாத்ரூம்ல. அப்புறம் அதே பாடத்தை, அதே வகுப்புக்கு மறுபடி எடுக்கணும். குறையோட யாரையும் வீட்டுக்கு அனுப்பினதில்லை."

அவள் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஐயோ, இவ உன்னை மாதிரியே வந்துருக்காக்கா!" தம்பி அவள் பின்னால் ஓடினான்.

குழுத் தலைவி அனுமதித்தார். கறார், "எனக்கு நேரமில்லை" என்று எழுந்தார். அப்போதுதான் ஜன்னலோர உறுப்பினர் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"எனக்கு நிஜமாவே புரியலை. கேட்க வெட்கமா இருந்துச்சு. எடுக்கட்டுமே, உக்காருங்க."

கறார் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

மகள் இப்போது பலகைப் பக்கமே போகவில்லை. எல்லோர் கையிலும் ஆளுக்கொரு பட்டையைக் கொடுத்தாள். ஜன்னலோரம் போய் நின்று, "நீங்க கிழிங்கம்மா, கோணலா வந்தாலும் பரவாயில்லை" என்றாள். அப்புறம் நேராகக் கறாரிடம் வந்தாள்.

"ஐயா, நீங்க அரைக்கால்னு சொன்னீங்க. எப்படி வந்துச்சுன்னு நான் கேட்காம விட்டுட்டேன். இப்ப கேட்கலாமா?"

"என்ன எப்படி? அரை இருக்கு. அதுல கால் பங்கு எடுத்தேன். அரைக்கால். கணக்கு சரிதானே?"

"ரொம்பச் சரி."

கறார் இதை எதிர்பார்க்கவில்லை.

"அரையில கால் பங்கு எடுத்தா அரைக்கால்தான் வரும். நீங்க போட்ட கணக்குல தப்பே இல்லை. நான் கேட்ட கணக்கு வேற. நான் பங்கு கேட்கலை, எத்தனை துண்டு அடங்கும்னு கேட்டேன். அந்த வித்தியாசத்தை நான்தான் காட்டியிருக்கணும். கிழிச்சுப் பார்க்கறீங்களா?"

பெரிய கை. சின்னக் காகிதம். கறார் மடித்தார், கிழித்தார், மறுபடி மடித்தார். இரண்டு துண்டுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"ரெண்டு," என்றார்.

உடனே சுதாரித்துக்கொண்டார். "சரி, புரிஞ்சுது. இதை ஆறு வாரத்துல ஒருத்தருக்குச் சொல்லித்தர முடியாதா?"

"கணக்கை ஒரே நாள்ல சொல்லித்தந்துடலாம் ஐயா. ஆனா தப்பா விடை சொன்னவர்கிட்டப் போய் 'எப்படி வந்துச்சு'ன்னு கேட்கணும்னு தோணணும் பாருங்க... எனக்கே இன்னிக்குத் தோணலை. இத்தனை நாள் படிச்சும் தோணலை. பின்னால ஒருத்தர் உக்காந்து பார்த்துச் சொன்னதால தோணுச்சு. ஆறு வாரத்துல அனுப்பிட்டீங்கன்னா அவங்களுக்குப் பின்னால யார் ஐயா உக்காருவாங்க?"

யாரும் கைதட்டவில்லை. ஜன்னலோர உறுப்பினர் தன் காகிதத் துண்டுகளைத் தடவித் தடவி ஒழுங்காக்கிக்கொண்டிருந்தார். குழுத் தலைவி கறாரைப் பார்த்தார். எல்லோரும் கறாரைப் பார்த்தார்கள்.

கறார் மேசையிலிருந்த துண்டுகளை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். ஒத்துக்கொண்டால் தோற்றதாகிவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டால், கையில் இருக்கும் அந்த இரண்டு துண்டுகளை எங்கே ஒளிப்பது?

அப்போதுதான் தம்பி குனிந்தான். அவர் காதில் என்னவோ சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். கறாரின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"நான் விட்டுக் கொடுக்கறேன்," என்றார், பெரிய மனசோடு. "பயிற்சிப் பிரிவு இருக்கட்டும். ஆறு வாரத் திட்டத்தை நானே தள்ளி வைக்கறேன். ஆனா ஒரு நிபந்தனை. அம்மாவும் பொண்ணும் ஒரே பிரிவுல இருக்கக் கூடாது. யாராவது ஒருத்தர் இன்னிக்கே வெளியே போகணும். இதைத் தீர்மானத்துல எழுதினா, முதல் கை என்னோடது."

"நான் போறேன்," என்றாள் பேராசிரியை.

யோசிக்கவே இல்லை. மூன்று குறை சொன்னபோது எப்படி வாய் தானாகத் திறந்ததோ, அப்படியே.

"சரி மேடம், வெளியில இருங்க. வாசகத்தைத் தயார் பண்ணி, ஓட்டெடுப்பை முடிச்சுட்டுக் கூப்பிடறோம்," என்றார் குழுத் தலைவி. அவர் குரலில் வருத்தம் இருந்தது.

வராந்தாவில் மறுபடி மூன்று பேர். கதவு சாத்திக்கொண்டது.

"நீதானே அவர் காதுல ஓதினே?" என்றாள் அக்கா.

"ஆமா." தம்பி ஒளிக்கவில்லை. "அவருக்கு ஏதாவது ஒண்ணு ஜெயிச்ச மாதிரி இருக்கணும்கா. இல்லைன்னா பிடிவாதமா மூடிட்டுத்தான் எழுந்திருப்பார். உன் நாற்காலியைக் கொடுத்துட்டுப் பிரிவை வாங்கினேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டிருந்தா சரின்னுதானே சொல்லியிருப்பே? உன்னை எனக்குத் தெரியாதா? வாலு படிப்பு முடியற வரைக்கும்தான். அப்புறம் திரும்பி வந்துடு."

"திரும்பி வர்றதுக்குள்ள அந்த நாற்காலியில யாரை உட்கார வைப்பார் உங்க ஐயா? அவருக்கு வேண்டியவரைத்தானே? ஆறு வாரத்தையே உள்ளே இருந்து கொண்டுவருவாங்க."

தம்பி கோப்புகளைக் கை மாற்றிக்கொண்டான். இது அவனுக்குத் தோன்றவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பரவாயில்லை விடு," என்றாள் பேராசிரியை. கைப்பையைத் திறந்தாள், எதையோ தேடினாள், தேடுவது என்னவென்று மறந்து மூடினாள். "பிரிவு இருக்குல்ல. அது போதும். பாக்கியை..."

"என்னை யாருமே கேட்கலையே," என்றாள் மகள்.

இருவரும் திரும்பினார்கள். மகள் இப்போது நடக்கவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னை என்னடி கேட்கறது?"

"யாராவது ஒருத்தர் வெளியே போகணும்னுதான் சொன்னார். நீதான் போகணும்னு சொல்லலை."

பேராசிரியை மகளின் கையைப் பிடித்தாள். "பைத்தியமா உனக்கு? பாதிப் படிப்புல இருக்கே. இன்னிக்கு நீ எடுத்த மாதிரி ரெண்டாவது தடவை எடுக்க எத்தனை பேருக்கு வரும்னு நினைக்கறே?"

"எத்தனை பேருக்கு வேணா வரும், நீ பின்னால உக்காந்திருந்தா. பாடம் எடுக்க ஒருத்தி போனா இன்னொருத்தி வருவாம்மா. அந்தக் கடைசி பெஞ்சுக்கு ஆள் கிடைக்குமா? உள்ளே இப்பத்தானே அதைப் பெருசா பேசிட்டு வந்தேன். பேசின வாயோட உன்னை அனுப்பிட்டு, நான் மட்டும் நாளைக்கு எப்படிப் போய் அங்கே நிப்பேன்?"

"வாலு, அவசரப்படாதே. உக்காந்து பேசலாம். உங்க அம்மா சொல்றதைக் கேளு..."

"மாமா, நீங்க இன்னிக்கு ஒருத்தர் நாற்காலியை அவங்களைக் கேட்காமலே கொடுத்திருக்கீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். காவலர் சுதாரிப்பதற்குள் போய்விட்டாள்.

பேராசிரியை ஓடினாள். வருடக்கணக்காக எந்த வகுப்பிலும் ஓடாதவள், பாலீஷ் போட்ட தரையில் செருப்பு வழுக்க வழுக்க ஓடினாள். காவலர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஓட்டெடுப்பு நடக்கப் போகுதும்மா. இனிமே யாரும் உள்ளே போகக் கூடாது."

"என் பொண்ணு உள்ளே போயிருக்காங்க!"

"அது தப்பிப் போயிடுச்சு. உங்களை விட்டா என் வேலை போயிடும்."

"விடுங்க சார், நான் ஐயாவோட உதவியாளன்," என்று தம்பி அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். காவலர் அசைந்து கொடுக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. குழுத் தலைவி ஏதோ கேட்டார். கறாரின் கனத்த குரல் குறுக்கே விழுந்தது.

பிறகு மகளின் குரல் கேட்டது, தெளிவாக.

"மன்னிக்கணும். ஓட்டுக்கு முன்னாடி, தீர்மானத்துல ஒரு திருத்தம். வெளியே போறது நான்."